எனக்கொரு பாடு

முதலில் ஒரு திருத்தம். உங்கள் ஏட்டு நேற்று எழுதிய காகிதத்தில் “வீட்டில் கீரிப்பிள்ளை வளர்த்து வந்தார்” என்று இருக்கிறது. அது கீரிப்பிள்ளை இல்லை. கீரி வளர்ப்பது சட்டப்படி குற்றம் என்று எனக்குத் தெரியும். அந்த மாதிரி வேலையெல்லாம் நான் செய்கிறவள் இல்லை. அது ஃபெரெட் என்கிற வெளிநாட்டுப் பிராணி. பழுப்பும் வெள்ளையுமாக நீளமாக இருக்கும், பூனையைவிட எடை குறைவு. தயவுசெய்து அந்த வரியை அடித்துவிட்டு, பக்கத்தில் அவரை ஒரு கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்.

ஆய்வாளர் அம்மா, நீங்கள் “எழுதத் தெரியுமா?” என்று கேட்டீர்கள். பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்திருக்கிறேன். எங்கள் ஊர் தோணிரேவில் தண்ணீர்க் குழாய்க்கு மனு, தெருவிளக்குக்கு மனு, முதியோர் உதவித்தொகைக்கு மனு, எல்லாம் இந்தக் கோமளாவின் கையெழுத்துதான். ஆகவே நானே எழுதுகிறேன். என்னை யாரும் மிரட்டவில்லை. காலையில் டீ வாங்கிக் கொடுத்தார்கள். நடந்ததை நடந்த வரிசையில் சொன்னால்தான் என் பக்கத்து நியாயம் விளங்கும், அதனால் சற்றுப் பொறுமையாகப் படியுங்கள்.

அந்தப் பிராணி என் தம்பி தனசேகருடையது. அம்மா போனபோது அவனுக்கு ஐந்து வயது, எனக்கு இருபத்திரண்டு. நான்கு வருடம் கழித்து முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்து நைனாவும் போனார். பழவேற்காட்டில் இறால் உரிக்கும் ஷெட்டுக்குப் போய்த்தான் அவனைப் படிக்க வைத்தேன். என்னைப் பெண் கேட்டு இரண்டு பேர் வந்தார்கள். இரண்டாவதாக வந்தவர் நல்ல மாதிரி. “பையனை ஹாஸ்டல்ல சேத்துடலாம்மா, நாங்களே பீஸ் கட்றோம்” என்றார் அவருடைய அம்மா. காப்பி கொடுத்து அனுப்பிவிட்டேன். இதை ஒரு குறையாக எழுதவில்லை. நீங்கள் பெண் என்பதால் எப்படியும் கேட்பீர்கள், அதனால் முந்திக்கொண்டேன்.

ஏரியில் மீன் பிடிக்கிற குடும்பத்தில் பிறந்தவன், கொளத்தூரில் கண்ணாடித் தொட்டி மீன் விற்கிற கடைக்கு வேலைக்குப் போனான். மீனோடு கிளி, முயல், வெள்ளெலி எல்லாம் விற்கிற பெரிய கடை. அங்கேயே வைஷ்ணவியைப் பார்த்தான், கட்டிக்கொண்டான், அங்கேயே வாடகைக்கு வீடு எடுத்தான். கல்யாணமான புதிதில் மாதம் ஒரு தடவை வந்தான். அப்புறம் பண்டிகைக்கு வந்தான். அப்புறம் பண்டிகைக்கு போன் வந்தது. வைஷ்ணவி கெட்டவள் இல்லை, அதையும் பதிவு செய்துகொள்ளுங்கள். என்னை வாய் நிறைய “அண்ணி” என்று கூப்பிடுவாள்.

தனியாக இருப்பது என்றால் என்னவென்று சொல்கிறேன். இரண்டு பேருக்கு வடித்தே பழகிய கை, ஒரு பிடி அரிசியில் நிற்காது. மிச்சத்துக்குத் தண்ணீர் ஊற்றி வைப்பேன், மறுநாள் அதையே சாப்பிடுவேன், அன்றைக்கு வடித்தது மறுபடி மிஞ்சும். இப்படி இரண்டு வருடமாக நான் முந்தின நாள் சோற்றைத்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஷெட்டில் பெண்கள் பேசுவார்கள், நானும் பேசுவேன். வீட்டுக்கு வந்து பூட்டைத் திறந்தால் அதற்குப் பிறகு விடியும்வரை வாயைத் திறக்க ஒரு காரணம் இருக்காது. சில நாள் தொண்டையைச் செருமிப் பார்ப்பேன், குரல் இருக்கிறதா என்று.

இந்த வைகாசியில் வைஷ்ணவிக்கு இரண்டாம் மாதம். அந்தப் பிராணியின் வாடை அவளுக்கு ஆகவில்லை, மூச்சு இழுத்தது. கடையில் யாரையோ கடித்துவிட்டது என்று விற்காமல் கிடந்ததைத் தம்பிதான் இரக்கப்பட்டு வீட்டுக்குக் கொண்டுபோயிருந்தான். இப்போது அதைக் கூண்டோடு பைக்கில் கட்டி என்னிடம் எடுத்து வந்தான்.

“யக்கா, கொஞ்ச நாளு பாத்துக்கோ. பேரு ஜிலேபி.”

“ஜிலேபினா மீனுடா. மீனு பேர இன்னாத்துக்கு இதுக்கு வெச்ச?”

“ஸ்வீட்டுக்கா, ஸ்வீட்டு! சுருண்டு தூங்குது பாரு.”

அவன் சிரித்தான். நானும் சிரித்தேன். இரண்டு மணி நேரம் இருந்துவிட்டுக் கிளம்பிப் போனான். ஊரே வந்து எட்டிப் பார்த்தது. பக்கத்து வீட்டுக் குப்பம்மா, “எலிக்கும் பாம்புக்கும் பொறந்துதாடி இது?” என்று கேட்டாள். வெறும் வாயை மென்றவளுக்கு அவல் கிடைத்தது, ஒரு வாரம் மென்றாள்.

ஜிலேபி நல்ல ஜீவன். ஒரு நாளில் முக்கால்வாசி தூங்கும். எழுந்தால் என் செருப்பை இழுத்துக் கட்டிலுக்கு அடியில் ஒளித்துவைக்கும். கரண்டி, சீப்பு, போன் சார்ஜர் எல்லாம் அங்கேதான் கிடக்கும். சந்தோஷம் வந்தால் குக்குக்கென்று ஒரு சத்தம் போட்டுக்கொண்டு பக்கவாட்டில் குதிக்கும். நான் வாசல் பூட்டைத் திறக்கிற சத்தத்துக்கும் அப்படிக் குதிக்கும். அதோடு பேச ஆரம்பித்தேன். பொய் சொல்வானேன், எனக்கு அது உயிராகிவிட்டது.

தம்பியும் தினம் வீடியோவில் கூப்பிட ஆரம்பித்தான். “ஜிலேபியக் காட்டுக்கா.” போனைக் கீழே பிடிப்பேன். அது குதிப்பதைப் பார்த்துச் சிரிப்பான். “ஷோக்கா கீதுக்கா. சரி வெக்கட்டா?” என்பான். என் முகத்தை அவன் பார்த்த மாதிரி நினைவில்லை. அதனால் என்ன, குரலாவது தினமும் கேட்டதே. ஒரு மாதத்தில் அதுவும் வாரம் ஒரு தடவை ஆயிற்று. அவனுக்கும் வேலை இருக்கும் அல்லவா?

இப்போது நோய்க்கு வருகிறேன். முதல் தடவை நடந்தது தற்செயல், இதை நீங்கள் நம்பவேண்டும். ஆனி மாதக் கடைசி. குப்பம்மா வாசலில் உட்கார்ந்து வலையில் வந்ததைப் பிரித்துக்கொண்டிருந்தாள். அதில் இரண்டு பேத்தை. கரையில் தூக்கிப் போட்டால் பந்தாக உப்பிக்கொள்ளுமே, அந்த மீன்தான். விஷம், எங்கள் ஊரில் யாரும் சமைப்பதில்லை. எடுத்து வீசிவிடுவார்கள். வீசியதில் ஏதோ ஒரு துணுக்கை ஜிலேபி கவ்வியிருக்கிறது. நான் பார்க்கவில்லை.

சாயங்காலம் அதன் வாயில் எச்சில் வழிந்தது. முன்னங்கால்களால் வாயை வழித்து வழித்துத் தேய்த்தது. நடக்கப் பார்த்தால் பின்னங்கால்கள் இரண்டும் கூட வரவில்லை, தரையில் இழுபட்டன. அப்புறம் படுத்துவிட்டது. கண் மட்டும் திறந்தே இருந்தது. கூப்பிட்டால் கண்மணி என் பக்கம் திரும்பும், உடம்பு அசையாது.  தம்பிக்குப் போன் போட்டேன்.

இரண்டு மணி நேரத்தில் வந்து நின்றான். இரண்டு மணி நேரம், அம்மா. எனக்கு டைபாய்டு வந்தபோது அவன் வர ஆறு நாள் ஆயிற்று. அவன் சட்டையெல்லாம் தூசி, கண் சிவந்திருந்தது. அதை மடியில் போட்டுக்கொண்டு, தேனைத் தொட்டு அதன் ஈறில் தடவினான். கடையில் யாரோ சொல்லியிருந்தார்களாம், இந்த வகைக்குச் சர்க்கரை இறங்கிவிடும் என்று. மறுநாள் விடிந்ததும் பெரம்பூர்ப் பக்கம் ஒரு கால்நடை மருத்துவரிடம் கூட்டிப்போனான், நானும் போனேன். போகும்போதே அது பாதி தேறிவிட்டது. சின்ன வயசு டாக்டர், அக்கறையானவர். ரத்தம் எடுத்துப் பார்த்தார், ஸ்கேன் பார்த்தார். கணையத்தில் கட்டி இருந்தால் இப்படி வரும், ஆனால் சர்க்கரை சரியாக இருக்கிறதே என்று குழம்பினார்.

“இன்னா துன்னுச்சு?” என்று தம்பி என்னைக் கேட்டான்.

அதற்குள் குப்பம்மா எனக்குச் சொல்லியிருந்தாள். “பேத்த கீத்த துன்னுட்டுதோ இன்னாவோ, நேத்து இங்கதான் மோந்துனு கெடந்துச்சு” என்று. அவள் சொன்னது எனக்கு நினைவில் இருந்தது. ஆனால் தம்பி மூன்று நாள் லீவு சொல்லியிருந்தான். என் வீட்டில், என் பாயில் படுத்திருந்தான். முதல் நாள் வடித்த சோறு அன்றைக்கே தீர்ந்தது.

“எப்பவும் போலத்தான்டா. முட்டையும் கோழியும்” என்று சொன்னேன்.

மூன்று நாள் முடிந்து அவன் போனான். ஜிலேபி பழையபடி குதித்தது. இரண்டே வாரத்தில் அவன் போன்கூடப் பண்டிகைக் கணக்குக்குப் போய்விட்டது. ஆடிப்பெருக்குக்கு வருகிறேன் என்றவன் வரவில்லை.

இந்த இடத்தில் எங்கள் ஊர் வழக்கம் ஒன்றை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஏரியில் இறால் ஓடுகிற நீரோட்டத்தை ஊருக்கு ஊர் பங்கு பிரித்து, ஊருக்குள் ஆளுக்கு ஆள் முறை வைத்திருக்கிறார்கள். அந்த முறைக்குப் பெயர் பாடு. இன்றைக்கு என் பாடு என்றால் அந்தத் தண்ணீர் இன்றைக்கு எனக்கு. எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் அங்கே வலை கட்ட முடியாது. நாளைக்கு அடுத்தவன். சண்டையில்லை, சச்சரவில்லை. வெளியூர்க்காரர்கள் பாடு என்றால் கஷ்டம் என்று நினைத்துக்கொள்வார்கள். எங்களுக்கு அது உரிமை.

பாடு கல்யாணமான ஆண்களுக்குத்தான். பெண்களுக்கு இல்லை. நைனா போனதும் எங்கள் வீட்டுப் பாடு அவரோடு போயிற்று. தம்பி பட்டணத்தில் கட்டிக்கொண்டதால் திரும்ப வரவும் இல்லை. அந்த வழக்கத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் யோசித்துப் பார்த்தேன். வைஷ்ணவிக்கு மாதத்தில் முப்பது நாளும் அவன் இருக்கிறான். கடை முதலாளிக்கு இருபத்தாறு நாள் இருக்கிறான். வளர்த்தவளுக்கு ஒரு நாள் கேட்டால் அது பேராசையா? மாதத்துக்கு ஒரே ஒரு பாடு. அதற்கு மேல் நான் எடுக்கவே இல்லை. ஒரு நோட்டு இருக்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன், பார்த்தாலே தெரியும்.

இரண்டாவது தடவை நானே கொடுத்தேன். துளியிலும் துளி. கோழி ஈரலில் பொதிந்து வைத்தேன், ஜிலேபிக்கு ஈரல் என்றால் பிரியம்.   அது அசையாமல் படுத்திருந்த நேரம் முழுவதும் பக்கத்திலேயே உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன். நாக்கு உலராமல் பஞ்சில் தண்ணீர் தொட்டு வைத்தேன். பெற்ற தாய்கூட அப்படிப் பார்த்திருக்கமாட்டாள். தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்று சொல்வார்கள். அதன் கண் என் மேலேயே இருந்தது. இதோ வந்துவிடுவான், கொஞ்சம் பொறுத்துக்கோ என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அவனும் வந்தான்.

அவன் கடைக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. ஆகவே திங்கள் மாலையில்தான் கொடுப்பேன், அவனுக்குச் சம்பளப் பிடித்தம் ஆகக்கூடாது அல்லவா. திங்கள் ராத்திரி வந்துசேர்வான், செவ்வாய் முழுக்க இருப்பான். ஜிலேபியைப் பார்த்துக்கொண்டே பேசிக்கொண்டிருப்போம். பேச்செல்லாம் ஜிலேபியைப் பற்றித்தான். ஆனால் பேச்சு, பேச்சுதான்.

டாக்டர் விடவில்லை. ஆடியிலும் ஆவணியிலும் பரிசோதித்தார். வாலில் முடி உதிர்ந்திருந்ததைப் பார்த்து வேறு ஏதோ சுரப்பியின் கோளாறு என்று மாத்திரை கொடுத்தார். புரட்டாசியில் அந்த மாத்திரையை நிறுத்திவிட்டு இதயத்துக்குப் பார்த்தார். “நான் பாத்த எந்த ஃபெரெட்டுக்கும் இப்டி வந்துட்டு, மறுநா எதுவுமே நடக்காத மாதிரி சரியானதில்லைங்க” என்று என்னிடமே சொன்னார். பாவமாக இருந்தது. கடைசியில் ஒரு நோட்டு கொடுத்து, தேதி, கிழமை, என்ன சாப்பிட்டது, எச்சில் எப்போது, கால் எப்போது, கண் எப்படி என்று தினமும் எழுதச் சொன்னார்.

எழுதினேன். எதையும் அரைகுறையாகச் செய்வது என் பழக்கமில்லை. “மாலை 5.40 எச்சில். 6.05 வாயைத் தேய்க்கிறது. 6.20 பின்னங்கால் இழுபடுகிறது. 6.45 அசைவில்லை, கண் திறந்திருக்கிறது, கூப்பிட்டால் கண் திரும்புகிறது.” ஒரே ஒரு கட்டத்தில் மட்டும் முழு உண்மை இல்லை. மற்ற எல்லாம் நிமிஷம் தவறாமல் இருக்கும். அந்த நோட்டுதான் இப்போது உங்கள் மேசையில் இருக்கிறது.

டாக்டர் கடைசியில் கண்டுபிடித்தது நோயை இல்லை, கிழமையை. எல்லாமே திங்கட்கிழமை என்று அவருக்குப் பட்டிருக்கிறது. கார்த்திகையில் தம்பியைக் கூப்பிட்டு, அந்த ஊரில் காற்றிலோ தண்ணீரிலோ ஏதோ இருக்கிறது, ஒரு மாதம் இடம் மாற்றிப் பாருங்கள் என்று சொல்லிவிட்டார். அவர் என்னைச் சந்தேகப்படவில்லை. நல்ல மனுஷர்.

இனி கடைசிச் செவ்வாய்க்கிழமை. தம்பி காலையில் எழுந்து பல் விளக்கிவிட்டு வந்தான். ஜிலேபி தேறி எழுந்து, தள்ளாடிக்கொண்டு அவன் காலைச் சுற்றியது. நான் இட்லிக்கு மாவு கரைத்துக்கொண்டிருந்தேன்.

“யக்கா, இத நா எடுத்துனு பூட்றேன். கடைக்கு மேல ஒரு ரூம்பு கீது, அங்க வெச்சுக்கலாம்னு மொதலாளி சொல்லிட்டாரு.”

“ஏன்டா? நா நல்லாப் பாத்துக்கலயா?”

“ஐய, அப்டி இல்லக்கா. நீயுந்தான் பாவம், எவ்ளோ பேஜாரு ஒனக்கு. ராவெல்லாம் முழிச்சுனு ஒக்காந்துனு கீற. இனிமே ஒனக்கு நிம்மதி.”

“அப்ப எப்ப வருவ?”

“வைஷுக்கு எட்டு மாசம் முடியுதுக்கா. தை பொறந்தா டெலிவரி. அப்றம் கொழந்தையப் பாக்கணும், எங்க வர்றது? சித்திரைக்கு மேல பாக்கலாம்.”

மார்கழி, தை, மாசி, பங்குனி, சித்திரை. கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே எண்ணினேன். அவன் என் முகத்தைப் பார்த்திருந்தால் ஒருவேளை ஏதாவது சொல்லியிருப்பான். அவன் கூண்டைத் துடைத்துக்கொண்டிருந்தான். எனக்கு அழுகை வரவில்லை. 

“சரி. மத்தியானம் துன்னுட்டுப் போ. மீன் புட்டு செய்றேன்” என்றேன். சின்ன வயதிலிருந்து அவனுக்கு அது என்றால் உயிர்.

இங்கே நான் சிந்தித்ததை அப்படியே எழுதுகிறேன். ஜிலேபி ஒவ்வொரு தடவையும் மறுநாள் எழுந்துவிட்டது. முதல் தடவையோடு சேர்த்து ஆறு தடவையும். அவன் ஆறடி ஆள். ஒரு நாளோ இரண்டு நாளோ படுப்பான், நான் பார்த்துக்கொள்வேன், எழுந்துவிடுவான். அந்த இரண்டு நாளை மனதில் வைத்துக்கொண்டு நான் அடுத்த ஐந்து மாதத்தை ஓட்டிவிடுவேன். துண்டு மீனாகப் போட்டால் அவனுக்குத் தெரிந்துவிடும், கரையில் பிறந்தவன். புட்டாக உதிர்த்துவிட்டால் மீனுக்கு மீன் வித்தியாசம் தெரியாது. பூண்டும் மிளகும் கொஞ்சம் தூக்கலாகப் போட்டேன். அம்மியையும் பலகையையும் இரண்டு தடவை கழுவினேன், எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் அவனை யார் பார்ப்பது?

“நீ துன்னலயா?” என்று கேட்டான்.

“செவ்வாய்க்கிழமை விரதம்டா.”

அது பொய் இல்லை. அன்றைக்குத்தான் தொடங்கினேன்.

மூன்று தடவை போட்டுக்கொண்டான். “ஒன் கைல இன்னாதான் வெச்சுனு கீறியோ” என்றான். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. சாப்பிட்டு முடிக்கும்போது மணி ஒன்று. கொஞ்ச நேரம் படுக்கிறேன் என்று பாயைப் போட்டான். அரை மணியில், “யக்கா, ஒதடு மரத்த மாதிரி கீது” என்றான். கையால் வாயை வழித்தான், மறுபடி வழித்தான். எச்சில் முழங்கையில் வழிந்தது. எழுந்திருக்கப் பார்த்தான், கால் கேட்கவில்லை. அப்போது ஜிலேபி அவன் எதிரில் உட்கார்ந்திருந்தது. அவன் அதைப் பார்த்தான். தன் கையைப் பார்த்தான். அப்புறம் என்னைப் பார்த்தான்.

“யக்கா… இன்னா போட்ட?”

“சோறு போட்டேன்டா” என்றேன்.

அதற்குப் பிறகு அவனுக்கு வாய் வரவில்லை. தலையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். சின்னப் பிள்ளையில் காய்ச்சல் வந்தால் அப்படித்தான் வைத்துக்கொள்வேன். கண் திறந்திருந்தது. கூப்பிட்டால் கண் திரும்பியது. அதனால் அவனுக்குக் காது கேட்கிறது என்று தெரிந்தது.

நான் பேசினேன், அம்மா. இரண்டு வருடப் பேச்சையும் பேசினேன். பெண் பார்த்துவிட்டுப் போன அந்த நல்ல மனுஷரைப் பிறகு ஒரு தடவை பொன்னேரி பஸ் ஸ்டாண்டில் பார்த்தது, அவர் கையில் குழந்தையோடு நின்றது, அவரைக் கும்பிடலாமா வேண்டாமா என்று யோசிப்பதற்குள் பஸ் எடுத்துவிட்டது. ஷெட்டில் ஐஸில் கையை விட்டு விட்டு விரல் மடங்காமல் போனது. டைபாய்டில் படுத்திருந்தபோது குப்பம்மா கஞ்சி கொண்டுவர மறந்த நாள். இதில் ஒன்றைக்கூட இதற்கு முன் யாருக்கும் சொன்னதில்லை. அவன் நடுவில் குறுக்கிடவில்லை. போனை எடுத்துப் பார்க்கவில்லை. கிளம்புகிறேன் என்று சொல்லவில்லை. அவன் கண்ணோரத்தில் தண்ணீர் வந்தது, துடைத்துவிட்டேன். அவனுக்கு என் மேல் பாசம் உண்டு என்பது எனக்கு எப்போதுமே தெரியும்.

மூன்று மணிக்கு வைஷ்ணவி கூப்பிட்டாள். “அண்ணி, அவரு கெளம்பிட்டாரா?”

“தூங்குறான்மா. அலுப்பு. எழுந்ததும் பேசச் சொல்றேன்.”

சொல்லிவிட்டு வைத்தேன். அவன் கேட்டுக்கொண்டிருந்தான்.

மூச்சு ஒரு மாதிரி மேல் மேலாக வந்தது. எண்ணிக்கொண்டே இருந்தேன், நேரம் எடுத்துக்கொள்ளட்டும், எழுந்துவிடுவான் என்று. ஐந்து மணிக்குக் குப்பம்மா கொடியில் காய்ந்த துணியைக் கொடுக்க வந்து, பார்த்துவிட்டுக் கத்தினாள். அவள்தான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டது. வண்டி மீஞ்சூரைத் தாண்டுவதற்குள் முடிந்துவிட்டது. “ஒன்றரை மணிக்கே கூப்பிட்டிருந்தால்” என்று ஆஸ்பத்திரியில் யாரோ சொன்னதாக நீங்கள் சொன்னீர்கள். இருக்கலாம். எனக்கு அவ்வளவு நேரம் கிடைத்தது அதுதான் முதல் தடவை.

வழிந்த எச்சிலையும் அசையாத உடம்பையும் திறந்த கண்ணையும் பற்றிக் குப்பம்மா சொன்னதைக் கேட்டு, வைஷ்ணவி ஜிலேபியின் நோட்டை எடுத்துவந்து உங்களிடம் கொடுத்தாள். அது சரியான காரியம். அவள் கெட்டிக்காரி.

நீங்கள் கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் எழுதிவிடுகிறேன். ஆமாம், புட்டில் பேத்தையைக் கலந்தது நான். தெரிந்தே கலந்தேன். அவன் படுத்துக் கிடந்த மூன்றரை மணி நேரமும் யாரையும் கூப்பிடவில்லை. ஆனால் கொல்ல வேண்டும் என்று நினைக்கவில்லை. கார்த்திகையில் அந்த மீன் சினை பிடித்திருக்கும், விஷம் நாலு பங்கு ஏறியிருக்கும், அதை நான் கணக்கில் எடுக்கவில்லை. கரையில் பிறந்தவள் செய்யக்கூடாத பிழை. இந்த விஷயத்தில் என் தவறு என்றால் அது ஒன்றுதான். அதற்கு என்ன தண்டனை உண்டோ கொடுங்கள், மேல்முறையீடு செய்யமாட்டேன்.

ஆனால் கொஞ்சம் சீக்கிரமாகச் செய்தால் உதவியாக இருக்கும். வைஷ்ணவிக்கு இது ஒன்பதாம் மாதம். அவளுடைய அம்மாவுக்கு நடக்க முடியாது, வீட்டில் வேறு பெண் துணை இல்லை. நேற்று உங்கள் அறைக்கு வெளியே அவளைப் பார்த்தேன், ஆள் பாதியாக இளைத்துவிட்டாள், ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை போலிருக்கிறது. பிரசவத்துக்கு முன் என்னை விட்டால் நான் போய் அவளுக்குச் சமைத்துப் போடுவேன்.